இரு நகரங்கள், ஒரு கவசம்: முகக்கவசப் பழக்கத்தில் சொல்லின் பங்கு



இப்பொதுப்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் பேசப்படுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் முகக்கவசம். மருத்துவர் பேசவேண்டிய பொருளை மொழியியல் படித்தவன் ஏன் பேசுகிறான் என்று நீங்கள் கேட்கலாம். நோயைப் பற்றி மருத்துவர் கூறும் அறிவுரை மக்களிடம் சொல்லாகவே போய்ச் சேருகிறது. சொல் தவறினால் அறிவுரையும் தவறும். ஆகவே இப்பொருளில் மொழியியலுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் நம் வீடுகளில் இரண்டு நகரங்கள் அடிக்கடி ஒப்பிடப்பட்டன. ஒன்று ஈப்போ. நம் பிள்ளைகள் படிக்கவும் பணிபுரியவும் செல்லும் நகரம் அது. மற்றொன்று சென்னை. தொலைக்காட்சி வழியாகவும் உறவினர் வழியாகவும் நாம் நாள்தோறும் கண்ட நகரம். ஈப்போவில் சொன்னால் கேட்கிறார்கள், சென்னையில் கேட்பதில்லை என்றனர் இங்குள்ளோர். நீங்கள் அபராதத்துக்கு அஞ்சி அணிகிறீர்கள் என்றனர் அங்குள்ளோர். பேசும் மொழி ஒன்று, வந்த நோய் ஒன்று, பழக்கம் மட்டும் வேறாக இருந்தது எதனால்?

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். இரு நகரங்களின் வேறுபாட்டை மக்களின் குணத்தில் தேட வேண்டியதில்லை. முன்பே இருந்த பழக்கம், கையில் கிடைத்த பொருள், விதிக்கப்பட்ட தண்டம் ஆகிய மூன்றுமே அதன் பெரும்பகுதியை விளக்கிவிடும். ஆனால் இரு நகரங்களுக்கும் பொதுவான குறை ஒன்றும் இருந்தது. பேசத் தொடங்கும்போது கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிடுவதே அக்குறை. அதை விளக்கப் பொருளும் தண்டமும் போதா. மொழியிடம்தான் செல்ல வேண்டும்.

இரு நகரங்களின் நாள்காட்டி

மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18-ஆம் நாள் தொடங்கியது. தமிழ்நாட்டில் மார்ச் 24-ஆம் நாள் மாலை ஊரடங்கு தொடங்கியது. மறுநாள் அது இந்தியா முழுமைக்கும் ஆயிற்று. தொடக்கத்தில் ஒரு வார இடைவெளியே இருந்தது. முகக்கவச விதியிலோ வரிசை மாறியது. சென்னை மாநகராட்சி 2020 ஏப்ரலிலேயே அதைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் கூட்டம் மிகுந்த பொது இடங்களிலும் பொதுப் போக்குவரத்திலும் ஆகஸ்டு 1-ஆம் நாள்தான் கட்டாயமாயிற்று.

இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். சட்டம் முதலில் வந்த நகரம் சென்னை. ஆயினும் சட்டம் வருமுன்பே ஈப்போக் கடைத்தெருவில் கவசம் அணிந்தோர் பலர். சட்டம் பழக்கத்தை உண்டாக்கும் என்பது உண்மையானால் இது நேர்மாறாக இருந்திருக்க வேண்டும்.

விதி நீங்கியதும் படிப்படியாகவே. மலேசியாவில் 2022 மே 1 முதல் திறந்த வெளியில் கவசம் அவரவர் விருப்பமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் கட்டடங்களுக்குள்ளும் பெரும்பாலும் அவ்வாறே ஆயிற்று. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரல் தொடக்கத்தில் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அதே மாதத்தில் தொற்று மீண்டும் தலைதூக்கியபோது 500 ரூபாய்த் தண்டம் திரும்பவும் நடைமுறைக்கு வந்தது.

முன்பே இருந்த பழக்கம்

ஈப்போவுக்கும் முகக்கவசத்துக்கும் உள்ள உறவு பழமையானது. பினாங்கில் 1879-ஆம் ஆண்டு பிறந்த மருத்துவர் ஊ லியென் தே, கேம்பிரிட்ஜில் பயின்றவர். 1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் நுரையீரல் பிளேக் பரவியபோது சீன அரசு அவரை அங்கு அனுப்பியது. இந்நோய் எலித்தெள்ளால் மட்டும் பரவுவதன்று, மூச்சு வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவுவது என்று அவர் கண்டறிந்தார். மெல்லிய வலைத்துணி மடிப்புகளுக்கிடையே பஞ்சு வைத்து முகக்கவசம் செய்து, மருத்துவரும் பணியாளரும் பொதுமக்களும் அணியுமாறு வற்புறுத்தினார். மெஸ்னி என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்காமல் கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். சில நாள்களிலேயே அந்நோயால் இறந்தார். ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்டுபோன அக்கொள்ளைநோய் 1911-ஆம் ஆண்டில் தணிந்தது.

அந்த ஊ லியென் தே 1937-ஆம் ஆண்டில் மலாயா திரும்பி, ஈப்போவில்தான் மருத்துவத் தொழில் நடத்தினார். 1960-ஆம் ஆண்டில் பினாங்கில் மறைந்தார். உலக மருத்துவ வரலாற்றில் முகக்கவசத்தோடு பிணைந்த பெயர்களில் முதன்மையான ஒன்று நம் பேராக் மாநிலத்துக்கும் உரியது என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஈப்போ மக்கள் அவரை நினைத்துக் கவசம் அணிந்தனர் என்று நான் கூறவில்லை. அண்மைக்காலக் காரணங்கள் வேறு. 2003-ஆம் ஆண்டின் சார்ஸ் அச்சம் ஒன்று. 1997, 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் நம்மைச் சூழ்ந்த புகைமூட்டம் மற்றொன்று. புகைமூட்ட நாள்களில் பள்ளிகள் மூடப்பட்டதும், பிள்ளைகளுக்குக் கவசம் மாட்டி அனுப்பியதும் ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். இருமல் வந்தால் கவசத்தோடு கடைக்கு வரும் சீன அண்டைவீட்டாரின் வழக்கமும் கண்ணுக்குப் பழகியிருந்தது. ஆகவே 2020-இல் ஈப்போத் தமிழருக்குக் கவசம் புதுப்பொருள் அன்று. அதற்கு 'மாஸ்க்' என்ற பெயரும் வீட்டு வழக்கில் முன்பே இருந்தது.

சென்னையின் முன்பழக்கம் வேறு. அங்கே முகத்தை மறைத்தது துணி. இருசக்கர வண்டியில் செல்லும் பெண்கள் வெயிலுக்கும் புழுதிக்கும் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்வர். ஆண்களுக்குத் தோளில் துண்டு, பையில் கைக்குட்டை. தொற்றின் தொடக்க நாள்களில் அவையே கவசமாயின. பின்னர் தையற்காரர்களும் மகளிர் சுயஉதவிக் குழுவினரும் துணிக் கவசம் தைத்தனர். ஆளுக்கு இரண்டு துணிக் கவசங்களை நியாயவிலைக் கடை வழியாக அரசும் வழங்கியது.

துண்டுக்கும் துப்பட்டாவுக்கும் ஓர் இயல்பு உண்டு. வெளியில் சுற்றிக்கொள்வோம், உள்ளே வந்ததும் எடுத்துவிடுவோம். அவை தெருவுக்கு உரியவை. நோய்த்தொற்றோ அடைபட்ட அறையில்தான் எளிதில் பரவும். தெருவில் கவசத்தோடு நடந்துவிட்டு, கடைக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றிய சென்னைவாசி, விதியை மீறுவதாக எண்ணியிருக்க மாட்டார். பழைய துண்டுப் பழக்கத்தைத் தொடர்ந்தார், அவ்வளவே.

கைகழுவுதலிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ஈப்போவில் கடைவாசலில் கைத்தூய்மிப் புட்டி, உடல்வெப்பம் பார்க்கும் கருவி, மைசெஜாத்ரா பதிவு ஆகிய மூன்றும் ஒரு வரிசையாக நின்றன. சென்னையில் பல கடைகளின் முன் நீர்க்குழாயும் சோப்பும் வைக்கப்பட்டன. வெளியிலிருந்து வந்தவர் வாசலில் செம்புநீரால் கால் கழுவி உள்ளே வரும் பழைய வழக்கத்துக்கு அது நெருக்கமானது. ஒரு வீட்டில் உண்பதையே 'கை நனைத்தல்' என்று சொல்லும் மொழி நம்முடையது. நீரால் கழுவினால்தான் தமிழ் மனம் தூய்மை என்று ஒப்பும். புட்டியிலிருந்து இரண்டு சொட்டு ஊற்றித் தேய்ப்பதை நம் மூத்தோர் கழுவுதலாகக் கருதவில்லை; தடவுதல் என்றே சொன்னார்கள்.

விலையும் தண்டமும்

அடுத்துப் பொருளாதாரம். மலேசியாவில் மூன்றடுக்குக் கவசத்தின் உச்சவரம்பு விலை 2020 ஆகஸ்டு நடுவில் ஒன்றுக்கு 1.20 வெள்ளியாக இருந்தது. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கவசம் அணிந்தால் 30 நாளுக்கு 144 வெள்ளி ஆகும். நகராட்சிப் பகுதிகளுக்கு வெளியே அப்போதைய குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,100 வெள்ளி. ஒருவர் ஊதியத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கவசத்துக்கே போய்விடும். ஒருமுறை மட்டும் அணிந்து எறிய வேண்டிய கவசம் சில வீடுகளின் கொடிக்கயிற்றில் துவைத்துக் காயப்போடப்பட்டிருந்ததை அறியாமை என்று நகைத்தோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் உச்சவரம்பு 70 காசாகக் குறைந்த பின்னரே மூச்சு விட முடிந்தது.

தண்டத்தையும் ஒப்பிடலாம். கவசம் அணியாதவர்க்கு மலேசியாவில் 1,000 வெள்ளி. அது தோட்டத் தொழிலாளி ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கும் தொகை. தமிழ்நாட்டில் 2020 செப்டம்பரில் விதிக்கப்பட்ட தண்டம் 200 ரூபாய்; பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500 ரூபாய். சென்னைக் கட்டடத் தொழிலாளியின் ஒரு நாள் கூலிக்கும் குறைவானது அந்த 200 ரூபாய். மாதச் சம்பளத்தை இழக்க அஞ்சுவதும், அரைநாள் கூலியை இழக்கத் துணிவதும் எந்த நாட்டு மனிதருக்கும் இயல்பே. இதை ஒழுக்கத்தின் அளவுகோலாக்குவது நேர்மையாகாது.

கவசம் யாரைக் காக்கும்?

இதுவரை கூறியவை வேறுபாட்டுக்கான காரணங்கள். இனி, பொதுக்குறைக்கு வருகிறேன்.

அந்தப் பொருளுக்கு நாம் என்ன பெயரிட்டோம்? 'முகமூடி' என்பது பழைய சொல். ஆனால் அதைக் கேட்டதும் நாடகமும் கொள்ளையருமே நினைவுக்கு வருகின்றனர். 'அவன் முகமூடி கிழிந்தது' என்பது வழக்கு. மலாய்மொழியிலும் இதே சிக்கல் எழுந்தது. 'தோப்பேங்' என்றால் வேடமுகம். எனவே டேவான் பகாசா டான் புஸ்தாக்கா 'பெலித்துப் மூக்கா' என்னும் சொல்லைப் பரிந்துரைத்தது. முகத்தை மூடும் உறை என்பது அதன் பொருள். தமிழ்நாட்டில் 'முகக்கவசம்' நிலைபெற்றது. நம் நாட்டு ஏடுகளிலும் அறிவிப்புகளிலும் 'முகக்கவசம்', 'முகக்கவரி' என்னும் இரண்டும் வழங்கின. கவரி என்றதும் குறள் படித்த மாணவனுக்குக் கவரிமாவும், கோயிலுக்குச் செல்லும் பாட்டிக்குச் சாமரமும் தோன்றின. வீட்டிலோ இரு நாடுகளிலும் எல்லாரும் 'மாஸ்க்' என்றே சொன்னோம்.

முகக்கவசம் அழகிய சொல்தான். அதை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒவ்வொரு பெயரும் தன்னோடு ஒரு கதையைக் கொண்டுவரும். கவசம் என்றதும் நினைவுக்கு வருபவன் கர்ணன். முருகன் கோயில்களில் ஒலிக்கும் கவசப் பாடல்களும் என் உறுப்புகளைக் காக்க என்றே வேண்டுகின்றன. கவசம் அணிந்தவனைக் காக்கும்; எதிரில் நிற்பவனைக் காப்பது அதன் வேலையன்று.

துணிக் கவசமும் மூன்றடுக்குக் கவசமும் அணிந்தவரை ஓரளவு காக்கும் என்பது உண்மையே. ஆயினும் 2020 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனம் நோய் பரவிய இடங்களில் பொதுமக்களும் கவசம் அணியலாம் என்று தன் அறிவுரையை மாற்றியதற்கு முதன்மைக் காரணம் வேறு. நோய்க்குறி இல்லாதவரும் பேச்சாலும் இருமலாலும் நோயைப் பரப்புகின்றனர். அவர்கள் வாயிலிருந்து வெளிப்படுவதைத் தடுக்க வேண்டும் என்பதே அது. மருத்துவம் பிறரைக் காக்க அணிக என்றது. சொல்லோ உன்னைக் காக்க அணிக என்றது.

வினைச்சொல்லையும் பாருங்கள். வீட்டில் நாம் 'மாஸ்க் போட்டுக்கொள்' என்கிறோம். 'கொள்' என்னும் துணைவினை, செயலின் பயன் செய்பவரையே சேரும் என்பதைக் காட்டுவது. சாப்பிடுவதற்கு எடுத்துக்கொள், குளிருக்குப் போர்த்திக்கொள், மழைக்குக் குடை பிடித்துக்கொள். அந்த வரிசையில் மாஸ்க்கும் சேர்ந்தது. மழை நின்றால் குடையை மடக்குவோம். அவ்வாறே, எனக்கு ஆபத்தில்லை என்று தோன்றியதும் கவசத்தை இறக்கினோம். எதிரே நிற்பவர் தெரிந்தவர், உறவினர், நல்லவர். அவரிடமிருந்து எனக்கு என்ன வரப்போகிறது? பேசுவதற்கு வசதியாகக் கவசம் தாடைக்குப் போயிற்று. நம் வாயிலிருந்து மிகுதியாக வெளிப்படும் நேரம் பேசும் நேரம். சரியாக அந்நேரத்தில்தான் ஈப்போச் சந்தையிலும் சென்னைத் தேநீர்க் கடையிலும் கவசம் கீழிறங்கியது.

சென்னையில் இதற்கு இன்னொரு துணையும் இருந்தது. 'தலைக்கவசம்' என்னும் சொல்லின் அச்சில் வார்க்கப்பட்டதே முகக்கவசம். சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டது. காவலரைக் கண்டதும் தலையில் ஏறி, கடந்ததும் வண்டியின் கைப்பிடிக்குத் திரும்பும் தலைக்கவசத்தை நீங்கள் அறிவீர்கள். 2020 மார்ச்சில் சென்னைக் காவல் ஆய்வாளர் ஒருவர் கொரோனா நச்சுயிரியின் வடிவில் செய்த தலைக்கவசம் அணிந்து வில்லிவாக்கத்தில் வாகன ஓட்டிகளை எச்சரித்தார். அப்படம் உலகெங்கும் பரவியது. தலைக்கவசத்தின் மொழியில் சொல்லப்பட்ட விதி, தலைக்கவசத்தின் பழக்கத்தையே பெற்றது.

எச்சில் என்னும் பழஞ்சொல்

பிறரைக் காத்தல் என்னும் கருத்து தமிழில் இல்லையா? உண்டு. மிகப் பழைய சொல் ஒன்று அதைத் தாங்கி நிற்கிறது. அதுவே எச்சில்.

'எஞ்சு' என்னும் வினையோடு தொடர்புடையது எச்சில். முதலில் எஞ்சிய உணவைக் குறித்து, பின் வாய்பட்ட பொருளையும், அதன்பின் உமிழ்நீரையும் குறித்தது. எச்சில் கையால் பிறர்க்குப் பரிமாறக்கூடாது. எச்சில்பட்ட கரண்டியைக் குழம்பில் இடக்கூடாது. பொதுச் செம்பில் வாய் வைத்துக் குடிக்கக்கூடாது. அண்ணாந்து ஊற்றிக் குடிக்க வேண்டும். இவை நம் பாட்டிமார் எழுத்தறியாமலே கடைப்பிடித்த விதிகள். கூர்ந்து நோக்கினால் இவை அனைத்தும் என் வாயிலிருந்து பிறரைக் காப்பதற்கான விதிகளே. அண்ணாந்து குடிப்பவர் செம்பிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவில்லை. அடுத்துக் குடிப்பவரைத் தம் எச்சிலிலிருந்து காக்கிறார்.

முகக்கவசத்தின் கருத்தும் இதுவே. ஆனால் அறிவிப்புகளில் நாம் கண்ட சொற்கள் 'நுண்திவலை', 'நீர்த்துளிகள் வழிப் பரவல்' போன்றவை. அவை பிழையான சொற்கள் அல்ல. மாணவர் பாடநூலில் கற்கவேண்டியவை. எனினும் எழுபது வயது மூதாட்டிக்கு நுண்திவலை என்றால் என்ன? "பேசும்போது எச்சில் தெறிக்கும், அது அடுத்தவர் மேல் படாமல் இருக்கத்தான் மாஸ்க். அதனால் பேசும்போது கழற்றக்கூடாது" என்றால் அவருக்கு விளங்காத பகுதி ஒன்றுமில்லை. அவர் வாழ்நாள் முழுதும் பின்பற்றிய விதியின் புதிய கிளை அது. ஈப்போவிலும் சென்னையிலும் ஒரே பொருளில் வழங்கும் இச்சொல்லை, இரு நகரத்து அறிவிப்புகளும் துப்புவதற்கான தண்டத்தோடு நிறுத்திவிட்டன. கவசத்தோடு இணைக்கவில்லை.

இடைவெளியும் தீட்டும்

எச்சில் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். நம் வழக்கில் எச்சிலுக்கு அருகில் 'தீட்டு' என்னும் சொல் நிற்கிறது. இரண்டும் ஒன்றல்ல. எச்சில் எல்லார்க்கும் உண்டு; அரசனுக்கும் ஆண்டிக்கும் பொது. தீட்டோ சிலர்மேல் மட்டும் சுமத்தப்பட்டது. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் நிலவிய இரட்டைக் குவளை முறை, எச்சிலைக் காரணமாகக் காட்டித் தீட்டை நடத்தியது.

இந்த வேறுபாடு 2020-இல் கையளவு நடைமுறைச் சிக்கலாக நம்முன் வந்தது. ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்து 'சமூக இடைவெளி' என்றனர். சமூகங்களுக்கிடையே இடைவெளி என்பது தமிழ்நாட்டின் பழைய நோய் அல்லவா? அத்தொடர் அங்கே பலர்க்கு உறுத்தியது. 'தனிநபர் இடைவெளி', 'தனிமனித இடைவெளி' என்பன மாற்றாக வந்தன. நம் நாட்டில் 'கூடல் இடைவெளி' வழங்கியது. உலகச் சுகாதார நிறுவனமும் 2020 மார்ச்சிலேயே உடல் அளவிலான இடைவெளி என்று பொருள்படும் தொடருக்கு மாறியது. ஒரு பெயரடை மாறியதால் என்ன ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். நோயுற்ற வீட்டாரோடு பேசவும் அஞ்சி ஒதுங்கிய நிகழ்வுகள் இரு நாடுகளிலும் நடந்தன. விலகவேண்டியது உடல், சமூகம் அன்று. சொல்லே அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

பெரட்டுக் களத்திலிருந்து புலனம் வரை

நம் ஊரின் நிலைக்கு வருகிறேன். பெர்ணம் ஆற்றங்கரையில், ஜெண்டராத்தா போன்ற தோட்டங்களின் அருகில் வளர்ந்த ஊர் இது. தோட்டக் காலத்தில் நலவாழ்வுச் செய்தி தொழிலாளர்க்கு எப்படி வந்தது? விடியற்காலைப் பெரட்டுக் களத்தில், கங்காணியின் வாய்மொழியாகவும் டிரசரின் வாய்மொழியாகவும் வந்தது. மலேரியாவுக்குக் கொய்னா கொடுத்ததும் அங்கேதான். அதைப் பொற்காலம் என்று நான் கூறமாட்டேன். அது அதட்டலின் மொழி. தோட்ட லயங்களில் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் இறந்தோர் ஏராளம். ஆனால் அச்செய்தி பேச்சுத் தமிழில், முகம் தெரிந்த ஒருவரிடமிருந்து, கேள்வி கேட்கக்கூடிய தொலைவிலிருந்து வந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தபின் அந்த இடை ஆள் இல்லாமற் போனார். 2020-இல் செய்தி தொலைக்காட்சியில் மலாயில் வந்தது. தமிழில் எழுத்து நடையில் வந்தது. புலனத்தில் எல்லா நடையிலும், பொய்யும் மெய்யும் கலந்து வந்தது. பேரப்பிள்ளை வீட்டிலிருந்தால் விளக்கினான். இல்லாத வீட்டில் முதியவர், சென்னைத் தொலைக்காட்சி சொன்னதை ஈப்போ விதி என்றும், ஈப்போ விதியைப் பொய் என்றும் கொண்டார்.

முழக்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசின் முழக்கம் 'விழித்திரு, விலகி இரு, வீட்டிலேயே இரு' என்பது. மோனை அமைந்ததால் கேட்டவர் எவரும் மறக்கவில்லை. நம் சுகாதார அமைச்சு மலாயில் 'செசாக், செம்பிட், செம்பாங் டெக்காட்' என்று மூன்று 'எஸ்'களைத் தவிர்க்கச் சொன்னது. அதுவும் மோனையே. தமிழாக்கத்திலோ அது 'கூட்டமான இடம், குறுகலான இடம், அருகருகே உரையாடுதல்' என்பது போல விளக்கமாகிவிடும். நெரிசல், நெருக்கம், நேர்முகப் பேச்சு என்று மூன்று நகர எழுத்துகளால் ஓர் ஆசிரியர் சொல்லியிருந்தால் பிள்ளைகள் வீடுவரை கொண்டுபோயிருப்பர்.

மற்றொரு வாய்ப்பையும் நாம் விட்டோம். அக்காலத்தில் நாடெங்கும் ஒலித்த தொடர் 'கித்தா ஜாகா கித்தா'. மலாயில் 'கித்தா' என்பது கேட்பவரையும் உட்படுத்தும் தன்மைப் பன்மை. 'காமி' கேட்பவரை நீக்கியது. தமிழிலும் இதே இரட்டை உண்டு: 'நாம்', 'நாங்கள்'. ஆங்கிலத்துக்கு இந்த வசதி இல்லை. எனவே 'நம்மை நாமே காப்போம்' என்னும் தமிழ், அம்மலாய்த் தொடரின் முழுப்பொருளையும் தாங்கும். நம் கதவுகளில் ஒட்டப்பட்டதோ 'முகக்கவசம் அணிதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது' என்பது. அதில் நாமும் இல்லை, நீயும் இல்லை, காரணமும் இல்லை.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

பெருந்தொற்றின் அவசரநிலை முடிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் நாள் அறிவித்தது. பின் ஏன் இந்தப் பேச்சு? மலேசியாவில் காசநோய் ஆண்டுதோறும் 20,000 பேருக்கு மேல் காணப்படுகிறது. அதுவும் மூச்சு வழியாகப் பரவுவதே. மருந்து உண்டு, முறையாக உண்டால் குணமாகும். ஆனால் மூத்தோர் அதைச் 'சயரோகம்' என்றோ 'டி.பி.' என்றோ அறிவர். அறிவிப்போ 'காசநோய்' என்னும். இரண்டும் ஒன்றே என்று அறியாதவர் மருத்துவமனைக்குக் காலந்தாழ்ந்து செல்வார். சொல் பிழைத்தால் உயிர் பிழைப்பது அரிதாகிவிடும் இடம் இது.

ஆகவே மூன்று செயல்களை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, சொற்பட்டியல். மாணவர்கள் தத்தம் வீட்டு மூத்தோரிடம் சென்று நோய்கள், மருந்துகள், தூய்மைப் பழக்கங்கள் ஆகியவற்றுக்கு அவர்கள் வழங்கும் சொற்களைத் திரட்டுங்கள். ஒரு பத்தியில் வீட்டுச் சொல், ஒரு பத்தியில் பாடநூல் சொல், ஒரு பத்தியில் மலாய்ச் சொல். வகுப்புக்கு ஒரு சுவடி போதும்.

இரண்டாவது, அறிவிப்பு எழுதும் முறை. தமிழில் ஓர் அறிவிப்பு எழுதும்போது யார், என்ன, யாருக்காக என்னும் மூன்றும் அதில் இருக்கட்டும். தூய தமிழ்ச்சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. முதல்முறை வரும்போது வீட்டுச் சொல்லையும் உடன் சேர்த்து 'மாஸ்க் எனப்படும் முகக்கவசம்' என்று எழுதினால் புதுச்சொல்லும் வேர்விடும், செய்தியும் சேரும். ஓர் அறிவிப்பில் ஒரு பொருளுக்கு ஒரே பெயரை வழங்குங்கள்.

மூன்றாவது, சோதனை. எழுதியதை ஒட்டுமுன் பள்ளித் துப்புரவுப் பணியாளரிடமோ பாட்டியிடமோ வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். 'விளங்கியதா?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக 'விளங்கியது' என்றே சொல்வார்கள். 'இதை அடுத்த வீட்டு அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் வாக்கியம் உங்கள் வாக்கியத்தைவிட நன்றாக இருந்தால் அதையே எழுதுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஈப்போவா சென்னையா, எது ஒழுங்கான நகரம் என்னும் வழக்கை இத்தோடு விட்டுவிடலாம். இரண்டிலும் மக்கள் தமக்குத் தெரிந்த பழக்கத்தையும், தம்மால் வாங்க இயன்ற பொருளையும், தமக்கு விளங்கிய சொல்லையும் கொண்டு நோயை எதிர்கொண்டனர். பொருளைத் தருவது அரசின் கடன். விளங்கும் சொல்லைத் தருவது நம் கடன். அதைச் செய்யும் இடம் தமிழ் வகுப்பறை.